தங்குவதா, புறப்படுவதா: எழுகாற்று மெலிந்து காற்று ஓங்கிய நாளில் பாராகிளைடிங் போட்டி

வடக்கு மாசிடோனியாவின் க்ருஷெவோ, ஏறத்தாழ 1,350 மீட்டர் உயரத்தில் மலைச்சரிவில் அமைந்த சிற்றூர். அதன் கிழக்கிலும் தெற்கிலும் விரியும் பெலகோனியச் சமவெளி, கடல்மட்டத்திலிருந்து சுமார் 600 மீட்டர் உயரத்தில், வடக்கு தெற்காக நீண்டு கிரேக்க எல்லையையும் தாண்டிச் செல்கிறது. கிழக்கே 25 கிலோமீட்டர் தொலைவில் பிரிலெப் நகரமும், தெற்கே 38 கிலோமீட்டர் தொலைவில் பிட்டோலா நகரமும் உள்ளன. 2016இல் ஐரோப்பிய பாராகிளைடிங் சாம்பியன்ஷிப்பும் 2019இல் உலக சாம்பியன்ஷிப்பும் இங்கே நடந்தன. மலை விளிம்பிலிருந்து புறப்பட்டு, கோதுமையும் புகையிலையும் விளையும் தட்டை நிலத்தின் மேல் பறந்து, பெரும்பாலும் எங்கே வேண்டுமானாலும் தரையிறங்கலாம் என்பதே இந்த இடத்தின் சிறப்பு.

ஆனால் மலையை விட்டுச் சமவெளிக்குள் இறங்கிய பிறகு, எழுகாற்று மெலிந்தும் காற்று ஓங்கியும் இருக்கும் நாள்களில், பைலட்டைக் காப்பாற்ற நிலத்தில் எந்த அமைப்பும் இல்லை. நொடிக்கு 3 மீட்டர் ஏற்றித் தரும் தெர்மல்கள் (சூடேறி மேலெழும் காற்றுத்தூண்கள்) உள்ள நாளில் போட்டி என்பது பெருமளவு வேகப் போட்டிதான். ஒரு தெர்மலைத் தவறவிட்டால் அடுத்தது கிடைத்துவிடும். ஏறுவேகம் நொடிக்கு ஒரு மீட்டரைத் தொடுவதே அரிதாகி, காற்று மணிக்கு 20 கிலோமீட்டர் வீசும் நாளிலோ ஒரே கேள்வி மீண்டும் மீண்டும் எழுகிறது: கையிலிருக்கும் மெலிந்த தெர்மலிலேயே தங்கிச் சுற்றுவதா, அதை விட்டு மேலானதைத் தேடிப் புறப்படுவதா?

பல பைலட்டுகள் இந்தக் கேள்விக்குத் தங்கள் சுபாவத்தைக் கொண்டே விடை சொல்கிறார்கள். பொறுமையானவர் எங்கும் பொறுமையாக இருக்கிறார். துணிந்தவர் எங்கும் துணிந்து விடுகிறார். இந்த அணுகுமுறை தவறு என்பது என் உறுதியான கருத்து. அந்தக் கட்டத்தில் பாதை காற்றோடு செல்கிறதா, காற்றை எதிர்த்துச் செல்கிறதா என்பதே விடையைத் தீர்மானிக்க வேண்டும். ஒரே மனிதர் ஒரே பறப்பில், ஒரு கட்டத்தில் அளவற்ற பொறுமையோடும் அடுத்த கட்டத்தில் அதற்கு நேர்மாறாகவும் நடந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

இதைக் கணக்கிட்டுப் பார்க்க ஒரு கிளைடரும் (பைலட்டைத் தாங்கும் துணிச்சிறகு) ஒரு டாஸ்க்கும் (அன்றைய போட்டிப் பாதை) தேவை. வேகம் கூட்டக் காலால் அழுத்தும் ஸ்பீட் பாரைத் தொடாதபோது மணிக்கு 38 கிலோமீட்டர் வேகமும் நொடிக்கு 1.1 மீட்டர் இறங்குவேகமும், பாரைப் பாதி அழுத்தினால் 48 கிலோமீட்டர் வேகமும் நொடிக்கு 1.5 மீட்டர் இறங்குவேகமும் கொண்ட ஒரு நடுத்தரப் போட்டிக் கிளைடரை எடுத்துக்கொள்வோம். டாஸ்க்கை நானே அமைத்துக்கொள்கிறேன்: வடக்கிலிருந்து மணிக்கு 20 கிலோமீட்டர் காற்று, முதலில் தெற்கு நோக்கி 30 கிலோமீட்டர், பிறகு வடக்கே 12 கிலோமீட்டர், கடைசியாகக் கிழக்கு நோக்கி 18 கிலோமீட்டர். மேகத்தின் அடி 2,200 மீட்டரில் நிற்கிறது. அதாவது சமவெளிக்கு மேல் 1,600 மீட்டர் உயரமே பயன்படுத்தக் கிடைக்கிறது. இப்படிப்பட்ட நாளில் டாஸ்க் குழுவினர் பொதுவாக எதிர்காற்றுக் கட்டத்தைத் தவிர்க்கவே முயல்வார்கள். ஆயினும் முன்னறிவிப்பைவிடக் காற்று கூடிவிடுவதும், பைலட்டுகளை நெடுந்தொலைவிலிருந்து வண்டியில் திரும்பக் கொண்டுவரும் சிரமத்தைக் குறைக்கப் பாதையை மடக்கிப் போடுவதும் வழக்கமாக நடப்பவைதான்.

காற்றோடு செல்லும் முதல் 30 கிலோமீட்டர்

நொடிக்கு அரை மீட்டர் மட்டுமே ஏற்றும் தெர்மல் ஒன்று கிடைத்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஏறுவேகத்தை ஒலியால் காட்டும் வேரியோ தயங்கித் தயங்கி ஒலிக்கிறது. 500 மீட்டர் ஏற 1,000 நொடிகள், ஏறத்தாழ 17 நிமிடங்கள் ஆகும். ஆனால் அந்த 17 நிமிடங்களில் கிளைடர் ஒரே இடத்தில் நிற்பதில்லை. தெர்மலோடு சேர்ந்து 5.6 கிலோமீட்டர் தெற்கே நகர்ந்துவிடுகிறது. பிறகு பின்காற்றின் துணையோடு மணிக்கு 58 கிலோமீட்டர் தரைவேகத்தில் சறுக்கும்போது, இழக்கும் ஒவ்வொரு மீட்டர் உயரத்துக்கும் 14.6 மீட்டர் தொலைவு கிடைக்கிறது. 500 மீட்டரில் 7.3 கிலோமீட்டர். இரண்டையும் கூட்டினால் 24 நிமிடங்களில் ஏறத்தாழ 13 கிலோமீட்டர், சராசரியாக மணிக்கு 32 கிலோமீட்டர்.

இப்போது அந்தத் தெர்மலை விட்டுவிட்டு, அதைப்போல இருமடங்கு, அதாவது நொடிக்கு ஒரு மீட்டர் ஏற்றும் தெர்மலைத் தேடிப் போய் அதைக் கண்டுபிடித்தும் விட்டதாக எடுத்துக்கொள்வோம். அதே கணக்கில் சராசரி வேகம் மணிக்கு 38 கிலோமீட்டராகிறது. இருமடங்கு வலுவான எழுகாற்றைக் கண்டுபிடித்ததற்குக் கிடைக்கும் பரிசு மணிக்கு 6 கிலோமீட்டர்தான். 30 கிலோமீட்டர் கட்டம் முழுவதற்கும் ஏறத்தாழ 9 நிமிடங்கள். காற்றே இல்லாத நாளில் இதே மாற்றம் சராசரியை 12 கிலோமீட்டரிலிருந்து 18 கிலோமீட்டராக உயர்த்தியிருக்கும், அதாவது ஒன்றரை மடங்காக்கியிருக்கும். பின்காற்றோ மெலிந்த தெர்மலுக்கும் வலுத்த தெர்மலுக்கும் இடையேயான வேறுபாட்டை அமுக்கிவிடுகிறது.

தேடிப் போய்க் கிடைக்காவிட்டால் என்ன ஆகும் என்பதும் இந்த ஒப்பீட்டில் சேர வேண்டும். மெலிந்த நாளில் தெர்மல்களின் இடைவெளி அதிகம். காற்று அவற்றைச் சாய்த்தும் துண்டு துண்டாகக் கிழித்தும் விடுவதால், தாழ்ந்த உயரத்தில் பயன்படும் அளவுக்கு அகலமான தெர்மல் அமைவது கடினம். 9 நிமிட ஆதாயத்துக்காக அந்த நாளையே பணயம் வைப்பது நியாயமான பேரம் ஆகாது. எனவே காற்றோடு செல்லும் கட்டத்தில் வேரியோ பூஜ்யத்தைக் காட்டினால்கூடத் தங்கலாம். உயரம் கூடாவிட்டாலும் குறையாமல், மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் சரியான திசையில் நகர்ந்துகொண்டே, முன்னால் மேகங்கள் எப்படி உருவாகின்றன என்று பார்த்துக்கொண்டிருக்க முடிகிறது. பலர் பூஜ்யத்தில் சுற்றுவதை நேர விரயமாகக் கருதிப் பதற்றமடைகிறார்கள். இந்தக் கட்டத்தில் அது விரயமே அல்ல.

தங்குவதென்று முடிவெடுத்தால் தெர்மலை இழக்காமல் இருக்கும் கலையும் வேண்டும். தரையில் ஒரே இடத்திலிருந்து தொடர்ந்து எழும் காற்றுத்தூண், காற்று வீசும் பக்கம் சாய்ந்து நிற்கிறது. அந்தத் தூணுக்குள் இருக்கும் காற்று எழும் வேகத்தைவிடக் கிளைடர் ஏறும் வேகம் குறைவு, ஏனெனில் கிளைடர் தன் இறங்குவேகத்தைக் கழித்துக்கொண்டே ஏறுகிறது. நகர்வது இரண்டுக்கும் ஒரே அளவு. ஆகவே சீரான வட்டமாகவே சுற்றிக்கொண்டிருக்கும் பைலட், தூணின் சாய்வைவிடத் தட்டையான பாதையில் ஏறி, சிறிது நேரத்தில் காற்று போகும் பக்கமாகத் தூணிலிருந்து வெளியே விழுந்துவிடுகிறார். எழுகாற்று மெலிய மெலிய இந்த வேறுபாடு பெரிதாகிறது. ஒவ்வொரு சுற்றிலும் காற்று வரும் திசைநோக்கிய பகுதியைச் சற்று நீட்டிக்கொள்வதும், தெர்மல் தொலைந்தால் முதலில் காற்று வரும் பக்கமாகவே தேடுவதும் இதனால்தான் நல்ல வழக்கங்களாக நிலைத்தன.

காற்றை எதிர்க்கும் 12 கிலோமீட்டர்

திருப்புப் புள்ளியைத் தொட்டு வடக்கே திரும்பியவுடன் கணக்கு தலைகீழாகிவிடுகிறது. பாரைப் பாதி அழுத்தி 48 கிலோமீட்டர் வேகத்தில் பறந்தாலும் தரைவேகம் 28 கிலோமீட்டர்தான்; ஒரு மீட்டர் உயரத்துக்கு 5.2 மீட்டர் தொலைவே கிடைக்கிறது. 500 மீட்டர் உயரத்தைச் செலவழித்தால் 2.6 கிலோமீட்டர் முன்னேறலாம். அந்த 500 மீட்டரை நொடிக்கு 0.8 மீட்டர் ஏற்றும் தெர்மலில் மீட்டெடுக்க 10 நிமிடங்களுக்கு மேல் ஆகும். அதற்குள் காற்று கிளைடரை 3.5 கிலோமீட்டர் தெற்கே தள்ளிவிட்டிருக்கும். இதையே இருமுறை செய்து அரை மணி நேரம் உழைத்தும், உழைக்கத் தொடங்கிய இடத்துக்குத் தெற்கே இரண்டு கிலோமீட்டர் தொலைவில் நிற்க வேண்டியதுதான்.

இந்தக் கிளைடருக்கும் இந்தக் காற்றுக்கும் எல்லைக்கோடு நொடிக்கு ஏறத்தாழ 1.1 மீட்டர். அதற்குக் குறைவாக ஏற்றும் தெர்மலில் சுற்றிச் சுற்றி எதிர்காற்றில் முன்னேறவே முடியாது. காற்று 15 கிலோமீட்டராகக் குறைந்தால் அந்த எல்லை 0.7க்கு இறங்குகிறது, 25 கிலோமீட்டரானால் 1.6க்கு ஏறிவிடுகிறது. போட்டிக்கு முந்தைய நாளே தன் கிளைடருக்கு இந்த எண்களைக் கணக்கிட்டு மனத்தில் வைத்துக்கொள்வது, பறக்கும்போது நெஞ்சு படபடக்க முடிவெடுப்பதைவிடப் பலமடங்கு மேல். எல்லையைத் தாண்டினாலும் முன்னேற்றம் வேதனைக்குரிய அளவுக்கு மெதுவானது: நொடிக்கு 1.5 மீட்டர் ஏற்றும் தெர்மலில்கூட இந்த எதிர்காற்றில் சராசரி வேகம் மணிக்கு 4 கிலோமீட்டர்தான்.

இதிலிருந்து நான் எடுக்கும் முடிவு, எதிர்காற்றுக் கட்டத்தை வட்டமிட்டுக் கடக்க முடியாது, நேர்கோட்டில்தான் கடக்க வேண்டும் என்பது. 12 கிலோமீட்டரையும் ஏற்றமோ இறக்கமோ இல்லாத காற்றில் கடக்க 2,300 மீட்டர் உயரம் தேவை. நம்மிடம் இருப்பதோ 1,600. ஆனால் வழியில் எழும் காற்றையே தொடுத்துக்கொண்டு போகும் ஒரு கோட்டைக் கண்டுபிடித்து, சராசரி இறங்குவேகத்தை 1.5 மீட்டரிலிருந்து 0.8 மீட்டராகக் குறைத்துவிட்டால், தேவைப்படும் உயரம் 1,240 மீட்டராகச் சுருங்கிவிடுகிறது. நடக்காது என்று தோன்றிய கட்டம், எங்கும் நின்று சுற்றாமலே, 26 நிமிடங்களில் முடிந்துவிடும்.

அப்படிப்பட்ட கோடுகள் காற்று வீசும் நாளில்தான் அதிகம் அமைகின்றன என்பது ஓர் ஆறுதல். காற்றின் திசையிலேயே வரிசையாக நிற்கும் மேகத்தெருக்கள் அவற்றில் முதன்மையானவை. காற்றுக்கு நேர் எதிரே பறப்பவருக்கு அவை நேராகவே வழி போட்டுத் தருகின்றன. மேகம் இல்லாத நாளில் பறவைகளும், முன்னே செல்லும் கிளைடர்கள் மேலும் கீழும் அசையும் விதமும், அறுவடை முடிந்த வயல்களின் தொடர்ச்சியும் குறிப்பு தரும். கோட்டுக்குப் பக்கவாட்டில் சில நூறு மீட்டர் தள்ளிப் பறப்பவர் தொடர்ந்து இறங்குகாற்றில் சிக்கிக்கொள்வதும் உண்டு. ஆகவே இறங்குவேகம் ஓரிரு நிமிடங்களுக்கு மேல் மோசமாக நீடித்தால், அதே திசையில் பிடிவாதமாகத் தொடராமல், காற்றுக்குக் குறுக்கே நகர்ந்து பக்கத்துக் கோட்டைத் தேடுவது சிறந்தது.

உயரம் என்பதும் இங்கே கலப்பில்லாத நன்மையல்ல. பொதுவாக உயரே செல்லச் செல்லக் காற்றின் வேகம் கூடும். தரைக்கு மேல் சில நூறு மீட்டரில் 15 கிலோமீட்டராக இருக்கும் காற்று மேகத்தின் அடியில் 25 கிலோமீட்டராக இருந்தால், எல்லைக்கோடும் அதற்கேற்ப இருமடங்குக்கு மேல் உயர்ந்துவிடுகிறது. முன்னே ஒரு தெர்மல் உறுதியாகத் தெரியும்போது, எதிர்காற்றுக் கட்டத்தில் கடைசி 300 மீட்டரை ஏறாமல் விட்டுப் புறப்படுவது பெரும்பாலும் சரி. பின்காற்றிலோ அதே 300 மீட்டர், உயரத்தையும் கூடுதல் தரைவேகத்தையும் சேர்த்தே தருகிறது. அங்கே அதை விடக்கூடாது.

கிளைடிங் (எஞ்சின் இல்லாத விமானப் பறப்பு) உலக சாம்பியன் பட்டத்தை 1956இல் வென்ற பால் மெக்கிரெடியின் வேகக் கோட்பாட்டை அறிந்தவர்கள் இங்கே ஒரு மறுப்பை எழுப்பலாம். அடுத்து எதிர்பார்க்கும் ஏறுவேகத்தைவிட இப்போதைய ஏறுவேகம் குறைந்தால் புறப்படு என்பதே அந்தக் கோட்பாட்டின் சாரம். தெர்மல்களும் கிளைடரும் ஒரே காற்றில் மிதந்து நகர்வதால், காற்றின் திசை அதற்குப் பொருட்டல்ல. கோட்பாட்டில் பிழையில்லை. ஆனால் திருப்புப் புள்ளிகள் காற்றில் மிதப்பவை அல்ல, தரையில் நிலைத்தவை. தரையிறங்க நேரும் அபாயமும் கோட்பாட்டின் சமன்பாட்டுக்குள் இல்லை. மெலிந்த நாளில் இந்த இரண்டுமே முடிவைத் தீர்மானிப்பவை.

திருப்புப் புள்ளியில்

காற்று போகும் பக்கத்திலுள்ள புள்ளியை உயரத்தோடும், காற்று வரும் பக்கத்திலுள்ள புள்ளியைத் தாழ்வாகவும் தொட வேண்டும் என்பது கிளைடர் விமானிகளிடமிருந்து வந்த பழைய விதி. நம் டாஸ்க்கில் தெற்குப் புள்ளிக்கு முன்னால் 800 மீட்டர் ஏறுவதையும் அதைத் தொட்டபின் ஏறுவதையும் ஒப்பிட்டால் விதியின் வலு தெரியும். நொடிக்கு ஒரு மீட்டர் வீதம் 800 மீட்டர் ஏறும்போது கிளைடர் 4.4 கிலோமீட்டர் தெற்கே நகர்கிறது. புள்ளிக்கு முன்னாலேயே ஏறினால் அந்த 4.4 கிலோமீட்டர் இலவசம். தொட்டபின் ஏறினாலோ அதே தொலைவை எதிர்காற்றில் திரும்பக் கடக்க 850 மீட்டர் உயரம் செலவாகும். ஏறியது முழுவதும் போய்க் கையில் எதுவும் மிஞ்சாது. மெலிந்த நாளின் டாஸ்க்குகளில் இதைவிடப் பெரிய வித்தியாசத்தை உண்டாக்கும் தனி முடிவு வேறொன்றும் இல்லை என்று நம்புகிறேன்.

ஆகவே தெற்குப் புள்ளிக்கு ஆறேழு கிலோமீட்டர் முன்னாலிருந்தே பைலட்டின் கவனம் மாற வேண்டும். அதுவரை தொலைவைப் பார்த்துக்கொண்டிருந்தவர், இனி கடைசித் தெர்மலைத் தேடுபவராக வேண்டும். புள்ளியைச் சுற்றிய வட்ட எல்லையான சிலிண்டரின் வடக்கு விளிம்பைத் தொட்டவுடனேயே திரும்பிவிடுவது சொல்லாமலே விளங்கும். கிழக்கு நோக்கிய பக்கக்காற்றுக் கட்டத்தில் ஒப்பிட அதிகமில்லை: கோட்டுக்கு வடக்கே ஒதுங்கியிருந்து, சுற்றும்போது கோட்டின்மேல் வந்து விழும்படி பார்த்துக்கொண்டால் போதும்.

கூட்டத்தோடு இருப்பதா, தனியே போவதா

ஏற்றம் அரை மீட்டராக இருக்கும்போது தனியாக ஒருவர் அதன் மையத்தைக் கண்டுபிடிக்கப் பல சுற்றுகள் வீணாகும். இருபது கிளைடர்கள் ஒன்றாகச் சறுக்கும்போது, அகலமான ஒரு வலையை வீசியதுபோல் காற்று முழுவதும் அலசப்படுகிறது. எங்கே ஒருவர் எழுகிறாரோ அங்கே மற்றவர்கள் உடனே திரும்பிவிடலாம். மெலிந்த நாளில் கூட்டத்தின் இந்த மதிப்பை எவ்வளவு உயர்த்திச் சொன்னாலும் தகும். தனியே முன்னால் போகிறவர் எவ்வளவு திறமையாளராயினும், அவர் கண்டுபிடிக்கும் தெர்மலைப் பின்னால் வரும் கூட்டம் பயன்படுத்திக்கொள்கிறது. அவர் கண்டுபிடிக்காமல் போனால் அந்த வழியைக் கூட்டம் தவிர்த்துக்கொள்கிறது.

ஆனால் புள்ளி முறையையும் பார்க்காமல் இதை முடிவுசெய்யக் கூடாது. கெரோல்ஃப் ஹைன்ரிக்ஸ், ஆஞ்சலோ கிராபன்சானோ, பால் மொலிசன் ஆகிய மூவர் உருவாக்கிய கேப் முறையே, பல திருத்தங்களோடு, பெரும்பாலான போட்டிகளில் நடப்பில் உள்ளது. ஒரு நாளின் உச்சப் புள்ளி 1,000. ஆனால் டாஸ்க் எவ்வளவு நேரம் நீடித்தது, பைலட்டுகள் எவ்வளவு தொலைவு பறந்தார்கள் போன்றவற்றைப் பொறுத்து அந்த நாளின் மதிப்பே குறையும். தொலைவுக்கும், வேகத்துக்கும், முன்னணியில் பறந்ததற்கும் தனித்தனிப் புள்ளிகள் உண்டு. ஒருவர்கூட முடிவிடமான கோலை எட்டாவிட்டால் வேகத்துக்கான புள்ளிகள் இல்லை.

இதன் விளைவைப் பலர் முழுமையாக எண்ணிப் பார்ப்பதில்லை. கூட்டம் முழுவதும் 15 கிலோமீட்டரிலேயே தரையிறங்கிவிட்டால், அந்த நாளின் மதிப்பு சரிந்து, அதோடு சேர்ந்து தரையிறங்கியவர் இழப்பது சிறிதளவே. கூட்டம் கோலை அடைந்து ஒருவர் மட்டும் 15 கிலோமீட்டரில் இறங்கினால், நாளின் மதிப்பு உயர்ந்து நிற்க, இழப்பு முழுமையாக அவர் தலையில் விழுகிறது. எனவே கூட்டத்தோடு இருப்பதென்பது தெர்மல் தேடும் வசதி மட்டுமல்ல. தோல்வியே வந்தாலும் அதன் விலையைக் குறைத்துக்கொள்ளும் ஏற்பாடும்கூட. மோசமான நாள்களின் பாதிப்பைக் குறைக்கும் எஃப்டிவி முறை நடப்பிலுள்ள போட்டியில் இந்த இழப்பு சற்று மிதப்படும், ஆனால் மறைந்துவிடாது.

அப்படியானால் கூட்டத்தை விட்டுப் போவது எப்போது சரி? இரண்டு சூழல்களில் என்று சொல்வேன். ஒன்று, முன்பு பார்த்த எதிர்காற்றுக் கட்டம்: கூட்டம் எல்லைக்கோட்டுக்குக் கீழான தெர்மலில் சுற்றிக்கொண்டு பின்னோக்கி நகரும்போது, ஓரளவு உயரமும் முன்னே ஒரு மேகத்தெருவும் இருந்தால், போய்விடுவதே சரி. இயன்றால் இருவர் மூவராகப் புறப்படுவது இன்னும் நல்லது. மற்றொன்று, எழுகாற்றின் நேரம் முடியப் போகும் மாலை: மேல்மேகம் சூரியனை மூடிக்கொண்டு வரும்போது, கூட்டத்தின் பொறுமையே எல்லாரையும் தரையில் இறக்கிவிடும். இவை தவிர்த்த நேரங்களில், முன்னணிப் புள்ளிகளுக்காக மட்டும் மெலிந்த நாளில் தனியே பிரிந்து செல்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

டாஸ்க் தொடங்கும் நேரத்திலும் இதே எண்ணம் உதவும். தொடக்கக் கோட்டருகே காத்திருக்கும் கூட்டம் காற்றோடு நகர்ந்துகொண்டே இருக்கிறது. நேரம் வருமுன் கோட்டைத் தாண்டிவிட்டால், எதிர்காற்றில் திரும்பி வந்து மீண்டும் கடக்க வேண்டியிருக்கும். ஆகவே மற்றவர்களைவிடச் சற்று வடக்கே, சற்றுத் தாழ்வாக இருந்தாலும் பரவாயில்லை என்று காத்திருப்பவரே நல்ல இடத்தில் இருக்கிறார். கூட்டம் நெருங்கிச் சுற்றும்போது மோதல் அபாயம் கூடுவதும் உண்மை. ஒரு தெர்மலில் முதலில் நுழைந்தவர் சுற்றும் திசையிலேயே அனைவரும் சுற்ற வேண்டும் என்ற விதியைக் காக்க மனமில்லாதவர்கள் நிறைந்த கூட்டமானால், அதன் ஓரத்தில் இருப்பதே நலம்.

ஸ்பீட் பாரும் எடையும்

எதிர்காற்றில் வேகத்தைக் கூட்ட வேண்டும் என்பது எல்லாரும் அறிந்தது. எவ்வளவு என்பதில்தான் தவறு நேர்கிறது. பாரைத் தொடாமல் பறந்தால் மேற்சொன்ன 20 கிலோமீட்டர் எதிர்காற்றில் சறுக்கு விகிதம், அதாவது ஒரு மீட்டர் உயரத்துக்குக் கிடைக்கும் தொலைவு, 4.5, பாதி பாரில் 5.2. முழு பாரில் வேகம் 57 கிலோமீட்டராகி இறங்குவேகம் 2.2 மீட்டரானால், விகிதம் மீண்டும் 4.7க்குக் குறைந்துவிடுகிறது. எதிர்காற்றோடு இறங்குகாற்றும் சேர்ந்த இடத்தில் மட்டும் முழு பார் பொருள்படும். அங்கும் தரைக்கு அருகே, கிளைடர் மடங்கினால் மீள உயரம் இல்லாத நிலையில், அதைப் பயன்படுத்தக் கூடாது.

எடையைக் கூட்டுவதா குறைப்பதா என்பது கடினமான ஒப்பீடு, ஏனெனில் மெலிந்த தெர்மல் இலகுவான கிளைடரைக் கேட்கிறது, ஓங்கிய காற்று கனமானதைக் கேட்கிறது. மொத்த எடையை 10 சதவீதம் கூட்டினால் வேகமும் இறங்குவேகமும் ஏறத்தாழ 5 சதவீதம் கூடுகின்றன. 20 கிலோமீட்டர் எதிர்காற்றில் சறுக்கு விகிதம் 4.5இலிருந்து 4.8க்கு உயரும். ஆனால் நொடிக்கு அரை மீட்டர் ஏற்றிய தெர்மல் இனி 0.45 மீட்டருக்கும் சற்றுக் குறைவாகவே ஏற்றும். பத்தில் ஒரு பங்கு ஏற்றம் போய்விடுகிறது. நம் டாஸ்க்கில் 60 கிலோமீட்டரில் 12 கிலோமீட்டரே எதிர்காற்று. மீதி முழுவதும் ஏற்றத்தை நம்பியிருப்பதால், எடை வரம்பின் உச்சியை நாடாமல், மேல்பாதியின் நடுவில் பறப்பதே என் தேர்வு. மிக இலகுவாகப் பறப்பதையும் ஏற்க மாட்டேன். குறைந்த சுமையில் கிளைடர் காற்றின் கொந்தளிப்பில் எளிதில் மடங்கும். நீரை எடையாகக் கொண்டுசெல்பவருக்கு வழியில் திறந்துவிடும் வசதி இருந்தாலும், கட்டங்களின் வரிசை இங்கே அவருக்கு எதிராக இருக்கிறது: நீர் தேவைப்படாத முதல் 30 கிலோமீட்டரைத் தாண்டிய பிறகுதான் அது தேவைப்படும் 12 கிலோமீட்டர் வருகிறது.

தாழ்ந்துவிட்டால்

முந்நூறு மீட்டருக்குக் கீழே வந்த பிறகு தங்குவதா புறப்படுவதா என்ற கேள்வி மறைந்து, இன்னும் பறக்க முயல்வதா, தரையிறங்குவதா என்ற கேள்வி எழுகிறது. பின்காற்றுக் கட்டத்தில் தாழ்ந்த தெர்மலில் சுற்றுவது கவர்ச்சியானது, ஏனெனில் ஒவ்வொரு சுற்றும் தொலைவைக் கூட்டுகிறது. ஆனால் நொடிக்கு ஐந்தரை மீட்டர் வீதம் தரை பின்னோக்கி ஓடிக்கொண்டிருப்பதால், முதலில் தேர்ந்தெடுத்த வயல் ஒரு நிமிடத்தில் 330 மீட்டர் தள்ளிப் போய்விடும். அதை நோக்கி எதிர்காற்றில் திரும்பிச் செல்ல முடியாது. ஒவ்வொரு சுற்றிலும் காற்று போகும் பக்கத்தில் புதிதாக ஒரு வயலை, மின்கம்பிகளும் மரவரிசையும் இல்லாத ஒன்றை, தேர்ந்தெடுத்துக்கொண்டே இருக்க முடிந்தால் மட்டுமே தொடரலாம்.

கட்டிடங்களுக்கும் மேடுகளுக்கும் மரங்களுக்கும் பின்புறமாக, காற்று மறையும் பக்கத்தில் தாழ்வாக வந்து சேர்வதே இந்த நாளின் மிகப் பெரிய ஆபத்து. எழுகாற்று மெலிந்திருப்பதால் காற்று அமைதியானது என்று தோன்றும். ஆனால் தடையின் பின்னால் சுழலும் காற்றுக்கு வெயிலின் வலு தேவையில்லை. தெற்கே நகர்ந்துகொண்டே அப்படிப்பட்ட ஒரு மேட்டின் பின்புறத்தை நெருங்குகிறோம் என்று தெரிந்தால், வேரியோ ஏற்றத்தைக் காட்டிக்கொண்டிருந்தாலும் தெர்மலை விட்டுவிட வேண்டும். தரைக்கு மேல் 150 மீட்டரில், காற்றுக்கு நேரே முகம் திருப்பி, ஜிபிஎஸ்ஸில் தரைவேகத்தைப் பார்க்க வேண்டும். அது மணிக்கு 10 கிலோமீட்டருக்குக் கீழே போய்விட்டால், காற்று 20ஆக இல்லாமல் 28 கிலோமீட்டரை எட்டிவிட்டது என்று பொருள். அந்நிலையில் பின்னால் தங்களைத் தொடர்ந்து வருபவர்களுக்காக, காற்றின் நிலை மூன்றாம் படிக்குப் போய்விட்டது, இனிப் பறப்பது பாதுகாப்பில்லை என்று வானொலியில் அறிவிப்பது தரையிறங்கும் பைலட்டின் கடமை. டாஸ்க்கை நிறுத்தும் முடிவை நடத்துநர்கள் பெரும்பாலும் இத்தகைய அறிவிப்புகளை வைத்தே எடுக்கிறார்கள்.